சிவப்புக் கோடு

2009 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. திருப்பூரில் நான் வேலை பார்த்த துணி ஏற்றுமதி கம்பெனியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில், வெளிநாட்டுப் பையர்களுக்காக எங்களிடம் ஆர்டர் போடும் சென்னை பையிங் ஆபீஸிலிருந்து போன் வந்தது.

"மேடம், உங்களுக்கு அனுப்புற மெயில் எல்லாம் செவ்வாய்க்கிழமையிலேர்ந்து திரும்பி வருது. மெஷர்மென்ட் சார்ட் மாறியிருக்கே, பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. குழந்தைகளுக்கான டி-ஷர்ட், உடம்பு நீளத்தை இரண்டு சென்டிமீட்டர் கூட்டச் சொல்லி வந்த திருத்தம் அது. கட்டிங் மாஸ்டர் புதன்கிழமை காலையே மேசையில் துணியை விரித்துவிட்டார். போனை வைத்துவிட்டு ஓடிப்போய் நிறுத்துவதற்குள் 2,400 பீஸ் வெட்டியாகிவிட்டது. வெட்டிய துணியைக் குறைக்கலாம், கூட்ட முடியுமா? சின்ன சைசுக்குத் திருப்பி வெட்டியது போக மிச்சம், மலிவுச் சரக்குக் கடைகள் இருக்கும் காதர்பேட்டைக்கு லாட்டில் போனது. முதலாளி என்னைத் திட்டவில்லை. "மெயிலே வரலீன்னா நீ என்னம்மா பண்ணுவ, உடு" என்றார். அதற்குப் பதில் நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கு 500 எம்பி மெயில் பெட்டி. வருடச் சந்தா கட்டி வாங்கிய சர்வர் இடத்தைப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தார்கள். உள்ளே போனால் ஓரத்தில் ஒரு கோடு தெரியும். முதலில் பச்சை, அப்புறம் மஞ்சள், கடைசியில் சிவப்பு. நான் அந்தக் கோட்டைப் பார்த்ததே கிடையாது. 90 சதவீதம் தாண்டியபோது ஒரு எச்சரிக்கை வந்திருக்கிறது. பிற்பாடு தேடியபோது கிடைத்தது. விளம்பரம் என்று நினைத்துத் தள்ளியிருக்கிறேன்.

வீட்டுத் தபால் பெட்டி நிறைந்துவிட்டால் தபால்காரர் கதவுக்கு அடியில் சொருகிவிட்டுப் போவார். மெயில் சர்வருக்கு அந்த இரக்கம் எல்லாம் இல்லை. பெட்டி நிறைந்துவிட்டது என்று 552 போன்ற ஒரு எண்ணைச் சொல்லி, வந்த கடிதத்தை வாசலிலேயே திருப்பிவிடும். சில சர்வர்கள் கொஞ்சம் பதமாக, 452 என்று சொல்லி அப்புறம் வரச் சொல்லும். அனுப்பிய சர்வர் நாலைந்து நாள் முயன்று பார்த்துவிட்டுக் கைவிடும். இரண்டிலும் சேதி போவது அனுப்பியவருக்குத்தான். பெட்டிக்குச் சொந்தக்காரருக்கு ஒன்றுமே தெரியாது. தெரியப்படுத்த ஒரு மெயில் அனுப்பினால், அதுவும் உள்ளே நுழையாதே!

இதை இப்போது எழுதக் காரணம், போன ஞாயிற்றுக்கிழமை அதே சிவப்பை மறுபடி பார்த்ததுதான். இப்போது நானே சின்னதாக ஒரு பையிங் ஏஜென்சி நடத்துகிறேன். அவிநாசி ரோட்டில் ஒரு மாடி அறை, நானும் இரண்டு பெண்களும். ஏஜென்சிப் பெட்டி 94 சதவீதம் நிறைந்திருந்தது. இந்த முறை பயமில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போய்விட்டது.

பெட்டியைக் காலி செய்து மெயிலைக் கையில் எடுத்துக்கொண்டு போகும் வேலை எனக்கு 2009-க்கு முன்பே பழக்கம். 2002-இல் அக்கா கல்யாணமாகி சிங்கப்பூர் போனாள். போன் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துப் பேசிய காலம். சனிக்கிழமை சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் போய் உட்காருவேன். இலவச மெயில் பெட்டி என்றால் ஹாட்மெயிலில் 2 எம்பி, யாஹூவில் 4 எம்பி. அக்கா குழந்தையின் போட்டோவை ஸ்கேன் செய்து இரண்டு அனுப்பினால் பெட்டி மூச்சு முட்டிவிடும். அதனால் வாரா வாரம் படித்ததை நோட்பேடில் ஒட்டி, ஃப்ளாப்பியில் சேமித்துவிட்டுப் பெட்டியைக் காலி செய்வேன். ஒரு ஃப்ளாப்பியில் 1.44 எம்பி. 'ஃப்ளாப்பி போடக் கூடாது, வைரஸ் வரும்' என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பார்கள். சென்டர்காரர் எனக்கு மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார். அம்மா கேட்பதற்காகப் பிரிண்ட்டும் எடுத்துக்கொண்டு போவேன்.

2004 ஏப்ரல் 1-ஆம் தேதி ஜிமெயில் 1 ஜிபி தருகிறது என்று செய்தி வந்தபோது, தேதியைப் பார்த்துவிட்டுப் பலரும் கேலி என்றுதான் நினைத்தார்கள். 2 எம்பிக்கும் 1 ஜிபிக்கும் உள்ள தூரம் அப்படி. இனி எந்த மெயிலையும் அழிக்கவே தேவையில்லை என்பதுதான் அவர்கள் சொன்னது. அடுத்த வருடம் உள்நுழையும் பக்கத்தில் இடத்தின் அளவு நம் கண் முன்னாலேயே ஏறிக்கொண்டே இருக்கும்படி ஒரு எண்ணை ஓடவிட்டார்கள். நாமும் அழிக்கும் பழக்கத்தை விட்டோம். 2013-இல் மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி என்று ஆனது. அதற்கப்புறம் இலவச அளவு ஏறவே இல்லை. 2021 ஜூன் 1 முதல், ஏற்றுகிற போட்டோக்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டன. இன்று பலருக்கு மெயில் நின்றுபோவதற்குக் காரணம் மெயிலே அல்ல. கல்யாண வீட்டு வீடியோ!

சரி, 2009-க்கு வருகிறேன். அந்த விவகாரம் நடந்த மறுநாள் கம்ப்யூட்டர் சர்வீஸ் தம்பி வந்தான். "அக்கா, பாப்ல போட்டுட்டனுங்க. இனி எல்லாம் உங்க சிஸ்டத்துக்கே வந்துருமுங்க, சர்வர்ல நிக்காது" என்றான். பாப் என்பது தபால் நிலையத்துக்குப் போய் நம் கடிதங்களை அள்ளிக்கொண்டு வருவது மாதிரி. வந்தபின் அங்கே ஒன்றும் இருக்காது. பச்சைக் கோட்டைப் பார்க்கவே நிம்மதியாக இருந்தது. எல்லா மெயிலும் என் கணினியில், ஒரே கோப்பில்.

அந்த 'ஒரே கோப்பு'தான் அடுத்த வில்லங்கம். 2011 ஜனவரி கடைசியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது. திருப்பூரில் அந்த மாதங்களை யாரும் மறக்க மாட்டார்கள். துணிக்கு எங்கே சாயம் போடுகிறீர்கள், கப்பல் எப்போது, ஏர் ஷிப்மென்ட் என்றால் செலவு யாருடையது என்று நாளுக்கு நூறு மெயில் ஓடியது. ஒரு காலையில் மெயில் மென்பொருள் திறக்க மறுத்தது. அந்தக் கோப்பு 2 ஜிபியைத் தொட்டிருந்தது. அந்தக் காலத்து வடிவங்கள் பலவற்றுக்கும் அதுதான் உச்சவரம்பு. கோப்புக்குள் ஓர் இடத்தைக் குறிக்க மென்பொருளை எழுதியவர்கள் ஒதுக்கிய எண் 2,147,483,647-க்கு மேல் போகாது. அதைத் தாண்டி ஒரு மெயில் வந்து உட்கார்ந்தால் கோப்பு முழுவதுமே கெட்டுவிடும். தம்பி ஒரு கருவியைக் கொண்டுவந்து கோப்பின் வாலைக் கொஞ்சம் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சரிசெய்து கொடுத்தான். வாலில் என்னென்ன இருந்தன என்று யாருக்கும் தெரியாது. சர்வரில் போய்ப் பார்க்கலாம் என்றால், அங்கேதான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லையே. அதனால், சர்வரைக் காலி செய்துவிட்டு வீட்டில் ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொள்வதை நான் நகல் என்று சொல்ல மாட்டேன். அது இடம் மாறியது, அவ்வளவுதான். பாப் அமைப்பிலேயே 'சர்வரிலும் விட்டுவை' என்று ஒரு டிக் உண்டு, 14 நாள், 30 நாள் என்று காலமும் சொல்லலாம். அந்த டிக்கைப் பற்றி அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை நடந்ததற்கு முழுப் பொறுப்பும் நானே. 2014-இல் போனில் மெயில் பார்க்க ஆரம்பித்தேன். அதற்காக ஐமேப்புக்கு மாறினோம். ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கும், கணினியிலும் போனிலும் அதன் நிழல் விழும். என் கணினியில் எல்லா ஃபோல்டரும் தெரிந்தன. நெட் இல்லாதபோதும் மெயில் திறந்தது. ஆக நகல் இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டேன். சர்வர் நிறைந்தபோது பிரவுசர் வழியாக வெப்மெயிலில் போய்ப் பழையதை மொத்தமாக அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். கோடு பச்சையானது. மறுநாள் கணினியைத் திறந்தால், ஃபோல்டர்கள் இருக்கின்றன, உள்ளே ஒன்றும் இல்லை. சர்வரில் அழிந்ததைக் கணினி அடக்கமாகப் பார்த்துத் தானும் அழித்துக்கொண்டது. அதன் வேலையே அதுதான். கண்ணாடியில் தெரியும் பானையிலிருந்து சோறு அள்ளலாம் என்று நினைத்தது நான்.

ஆபீஸில் புதிதாகச் சேரும் பெண்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். சிங்க் என்கிற ஒத்திசைவு வேறு, நகல் வேறு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியுமா? அழியும் என்றால் அது நகல் இல்லை.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். இதைவிட நேர்த்தியான வழிகள் இருக்கலாம். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ராத்திரியோடு ராத்திரியாக முடிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். என் கைக்குப் பழகியது தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள். காசு கிடையாது, 2004-இலிருந்து இருக்கிறது. ஐமேப் வழியாகக் கணக்கைச் சேர்த்தால் இடதுபக்கம் அந்தக் கணக்கின் ஃபோல்டர்கள் தெரியும். அதற்குக் கீழே 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று தனியாக ஒன்று இருக்கும். பலரும் அதைத் தொடுவதே இல்லை. அந்தக் கிளை சர்வரோடு பேசாது. அதில் போட்டது நம் வட்டில் மட்டும் இருக்கும்.

அங்கே வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் போடுகிறேன். 2019 வந்தவை, 2019 அனுப்பியவை, இப்படி. சர்வர் பக்கத்தில் அந்த வருடத்து மெயில்களைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்கச் சொல்கிறேன். நகர்த்தச் சொல்வது இல்லை. இரண்டும் மெனுவில் அடுத்தடுத்து இருக்கும். நகர்த்தும்போது பாதியில் நெட் போனால் எது இங்கே, எது அங்கே என்று மண்டை காய வேண்டிவரும். நகலெடுத்து, எண்ணி, திறந்து பார்த்து, அதற்கப்புறம்தான் அழிப்பது. போன ஞாயிறு 2021-ஐ எடுத்தபோது சர்வரில் 6,212, இங்கே 6,209. மூன்று மெயில் குறைந்தது. பத்துப் பத்தாகத் தேடிக் கண்டுபிடித்தேன். மூன்றும் ஆர்ட் ஒர்க் என்று நாங்கள் சொல்லும் பெரிய அச்சுப் படக் கோப்புகள் இணைத்தவை, இழுக்கும்போது நெட் அறுந்திருக்கிறது. எண்ணாமல் விட்டிருந்தால் கனமான மூன்றுமே போயிருக்கும்.

எண்ணிக்கை சரியானதும் வைஃபையை அணைத்துவிடுகிறேன். பிறகு சில மெயில்களைத் திறக்கிறேன். இருப்பதிலேயே பழையது, இருப்பதிலேயே புதியது, இருப்பதிலேயே பெரிய இணைப்பு உள்ளது, தமிழில் எழுதியது ஒன்று. இணைப்பும் திறக்க வேண்டும். தலைப்பு மட்டும் வந்து உடம்பு வராத மெயில்கள் நெட் இருக்கும்வரை நன்றாக இருப்பதுபோல் நடிக்கும். நெட்டை எடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

தண்டர்பேர்ட் ஒவ்வொரு ஃபோல்டரையும் எம்பாக்ஸ் என்ற வடிவத்தில் ஒரே கோப்பாக வைத்திருக்கும். மெயில்களை ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டிய நீளமான உரைக்கோப்பு, நோட்பேடில் திறந்தால்கூட ஓரளவு படிக்கலாம். இந்த எளிமைக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். பக்கத்தில் எம்எஸ்எஃப் என்று முடியும் குட்டிக் கோப்பு ஒன்று இருக்கும். அது வெறும் அட்டவணை, தொலைந்தாலும் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். இன்னொன்று, தண்டர்பேர்டில் மெயிலை அழித்தால் கோப்பின் அளவு உடனே குறையாது. அழிந்தது என்று குறிபோட்டு வைக்கும், 'காம்பாக்ட்' செய்யும்போதுதான் உண்மையில் வெளியே எறியும். 2011-இல் பட்டதால், வருடத்துக்கு ஒன்று என்று பிரித்து எந்தக் கோப்பையும் 4 ஜிபிக்கு மேல் வளரவிடுவதில்லை. பழைய பென் டிரைவ்கள் ஃபேட் 32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது என்பதும் ஒரு காரணம். ஹார்ட் டிஸ்க்குக்கு எடுக்கும்போது தண்டர்பேர்டை மூடிவிட வேண்டும். அது திறந்திருக்கும்போது எடுத்தால் பாதி எழுதிய கோப்பு வரலாம்.

என் சொந்த ஜிமெயிலுக்கு இதே முறையில் ஐந்து ராத்திரி ஆனது. 11 ஜிபி இருந்தது. ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 2,500 எம்பிதான் இறக்கவிடுவார்கள். அது தெரியாமல் முதல் நாள் நெட்காரரோடு சண்டை போட்டேன், பாவம். லேபிள் வேறு குழப்பும். இரண்டு லேபிள் ஒட்டிய ஒரு மெயில் இரண்டு ஃபோல்டரிலும் தெரியும், 'ஆல் மெயில்' என்பதில் மூன்றாவதாகவும் தெரியும். அதனால் 'ஆல் மெயில்' ஒன்றை மட்டும் எடுத்தால் போதும். பொறுமை இல்லாதவர்களுக்கு கூகுள் டேக்அவுட் இருக்கிறது. மொத்தப் பெட்டியையும் எம்பாக்ஸ் கோப்பாகக் கட்டி, இறக்கிக்கொள்ள லிங்க் அனுப்புவார்கள். ஒரு வாரத்துக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். நான் வருடத்துக்கு ஒருமுறை அதையும் செய்கிறேன்.

எது இடத்தை அடைக்கிறது என்று பார்த்தால் எங்கள் தொழிலில் பதில் ஒன்றுதான். இணைப்புகள். உடுப்பின் அளவும் தையல் விவரமும் அடங்கிய டெக் பேக், பிரிண்டுக்கான ஆர்ட் ஒர்க், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் ஒட்டிய முப்பது போட்டோ. மெயில் என்பது எழுத்துகளை மட்டும் சுமக்க உருவானது. அதனால் எந்தக் கோப்பை இணைத்தாலும் மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றித்தான் அனுப்புகிறது. மூன்று படி அரிசிக்கு நாலு படி பை. 9 எம்பி ஆர்ட் ஒர்க், பெட்டியில் 12 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கும். 25 எம்பி வரை அனுப்பலாம் என்றிருக்கும் இடத்தில் 20 எம்பி கோப்பு போகாமல் திரும்புவதற்குக் காரணமும் இதுவே.

அந்த 9 எம்பி ஒருமுறையா வருகிறது? பையர் அனுப்பியது ஒன்று. நான் பிரிண்டிங் யூனிட்டுக்கு ஃபார்வர்ட் செய்தது 'அனுப்பியவை'யில் ஒன்று. "அக்கா, ஃபைல் ஓப்பன் ஆகலீங்க" என்றதும் மறுபடி அனுப்பியது ஒன்று. பெட்டியைக் காலி செய்கிறேன் என்று உட்காருபவர்கள் வந்தவற்றையே கிண்டிக்கொண்டிருப்பார்கள். 'அனுப்பியவை'யைத் திறந்து அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள், அங்கேதான் யானை படுத்திருக்கும். ஜிமெயிலில் தேடும் இடத்தில் லார்ஜர் என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் போட்டு, இடம் விடாமல் 10எம் என்று அடித்தால் 10 எம்பிக்கு மேற்பட்டவை மட்டும் வந்து நிற்கும். கையெழுத்துக்குக் கீழே நிறுவன லோகோ போடுபவர்கள் மேல் எனக்குத் தனி வருத்தம் உண்டு. ஒவ்வொரு பதிலிலும் அந்த லோகோ கூடவே ஓடிவரும். 'ஓகே, நோட்டட்' என்ற இரண்டு சொல்லுக்கு 200 கேபி!

இதையெல்லாம் எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று ஆபீஸ் பெண்களில் சின்னவள் கேட்டாள். ஆடிட்டர் சொல்வது ஒரு காரணம். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குக்கு ஆதாரமானவற்றை, ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆனால் எனக்குப் புத்தி வந்தது வேறு இடத்தில்.

2017-இல் ஒரு பையர் 6,800 யூரோவுக்கு டெபிட் நோட் அனுப்பினார், அதாவது அவ்வளவு பணத்தை எங்கள் கணக்கில் பிடிப்பதாக. போலோ டி-ஷர்ட்டின் நேவி நீலம், அவர்கள் ஒப்புக்கொண்ட ஷேடு இல்லை என்பது புகார். லேப் டிப் என்று நாங்கள் சொல்வது கையகல துணித்துண்டில் ஏ, பி, சி என்று மூன்று ஷேடு சாயமேற்றி அனுப்புவது. அவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் மொத்தத் துணிக்கும் சாயம். 'நாங்கள் ஏ-வைத்தான் தேர்ந்தெடுத்தோம்' என்றார்கள். எனக்கு பி என்று ஞாபகம். ஞாபகத்தை வைத்து யூரோ கொடுப்பார்களா? சர்வரில் அந்த வருடம் இல்லை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்து, 14 மாதம் முந்தைய ஃபோல்டரில் தேடினேன். இரண்டே வரி மெயில். பி ஒப்புதல், மொத்தத் துணிக்கும் மேலே போகலாம் என்று. அனுப்பியவர், நேரம், கடந்து வந்த சர்வர்கள் எல்லாம் தலைப்பகுதியில் அப்படியே இருந்தன. பிரிண்ட் எடுத்த தாளையோ போட்டோவையோ அனுப்பவில்லை. அந்த மெயிலையே தனிக் கோப்பாக இணைத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் டெபிட் நோட்டைத் திரும்பப் பெற்றார்கள். மன்னிப்பெல்லாம் இல்லை, ஒரு வரி.

பின்னொரு சமயம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, தாளில் எடுத்ததைவிட மூலக் கோப்பை அப்படியே காப்பதுதான் முக்கியம் என்றார். மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் வைக்கச் சான்றிதழ் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தில் 65பி, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் பிரிவு 63. நாங்கள் கோர்ட் வரை போகும் ஆட்கள் இல்லை. தூத்துக்குடியில் சரக்கு ஏறிவிட்டால் நிம்மதி என்று இருப்பவர்கள். ஆனாலும் அப்போதிருந்து எந்த மெயிலையும் வேர்டில் ஒட்டியோ ஸ்கிரீன்ஷாட் எடுத்தோ வைப்பதில்லை.

ஞாயிறு சாயங்காலத்துக்குள் ஏஜென்சிப் பெட்டி 94-லிருந்து 31 சதவீதத்துக்கு இறங்கியது. கடைசி இரண்டு வருடத்தை சர்வரில் விட்டேன். ஹார்ட் டிஸ்க் இரண்டு, ஒன்று ஆபீஸ் பீரோவில், இன்னொன்று வீட்டில் பட்டுச் சேலைகளுக்கு நடுவே. வேலை முடிந்துவிட்டது. ஆனால் டிஸ்க் கையில் இருந்தால் சும்மா இருக்க முடியுமா? அதில் 'பழசு' என்று ஒரு ஃபோல்டர் உண்டு. ஃப்ளாப்பிக் காலத்தது. ஏழு ஃப்ளாப்பியில் இரண்டு படிக்க முடியாமல் போயின, மீதி ஐந்தை 2006-இல் சிடிக்கு மாற்றி, அங்கிருந்து டிஸ்க்குக்குக் கொண்டுவந்திருந்தேன்.

திறந்தால் எல்லாம் ஐரோப்பியக் கொக்கி எழுத்துகள். முரசு அஞ்சல் என்ற தட்டச்சு மென்பொருளில், திஸ்கி குறிமுறையில் அடித்த தமிழ் அது. இன்று எல்லாரும் பயன்படுத்தும் யூனிகோடு குறிமுறை பரவாத காலம். அரசு டாப், டாம் என்று இரண்டை அறிவித்திருந்தது, வெளிநாட்டுத் தமிழர்கள் மெயிலில் பேசிப் பேசியே உருவாக்கிய திஸ்கி இன்னொரு பக்கம். பிரவுசரில் என்கோடிங் போய் 'யூசர் டிஃபைண்ட்' என்று மாற்றினால்தான் தமிழ் தெரியும், பிரவுசிங் சென்டரில் எனக்கு அப்புறம் வந்து உட்காருபவர்கள் அதை மாற்றத் தெரியாமல் சென்டர்காரரைத் திட்டுவார்கள். இப்போது அந்த எழுத்துரு என்னிடம் இல்லை. ஆனால் கோப்பில் ஒரு பைட்டும் மாறவில்லை. குறிமுறையை மாற்றித் தரும் என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டு, திஸ்கியிலிருந்து யூனிகோடு என்று சொன்னதும் தமிழ் எழுந்து வந்தது.

அக்காவின் கடிதங்களைத்தான் எதிர்பார்த்தேன். அவை இருந்தன. ஆனால் நான் அனுப்பியவையும் இருந்தன, 41. அவற்றில் பாதிக்கு மேல் நான் எழுதியதே இல்லை, அம்மா சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போய் அடித்தவை. முதல் சில கடிதங்களில் மெனக்கெட்டு எழுத்துத் தமிழுக்கு மாற்றியிருக்கிறேன். 'குழந்தைக்கு உரை மருந்து கொடுக்கிறாயா' என்று. அம்மா ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. நேரமாகிவிட்டது, மணிக்கணக்குக்குக் காசு ஏறுகிறது என்று அவசரமாக அடித்த நாட்களில்தான் அம்மா சொன்னது சொன்னபடி இருக்கிறது. "பாப்பாளுக்கு வசம்பு, மாசிக்காயெல்லாம் ஒரசிக் குடுக்கறயா? அங்க கெடைக்கலீன்னா சொல்லு, குடுத்து உடறேன். கறிவேப்பலைய காசு போட்டு வாங்கறீங்களாமா, என்ன ஊரோ போ."

அம்மா போய் ஆறு வருடமாகிறது.

எல்லாவற்றையும் யூனிகோடில் ஒரே கோப்பாகச் சேர்த்தேன். 200 கேபிகூட வரவில்லை. அக்காவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. அவள் பெட்டி நிறைந்திருக்கிறதாம். போன் செய்து சொன்னால், "பசங்க போட்டோவா இருக்கும், அதை யாரு பாக்கறா" என்று சிரித்தாள். வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேண்டாம் கண்ணு, நீயே படிச்சுக் காட்டு" என்றாள்.

எனக்கு ராத்திரி ஒன்பதரை, அவளுக்குப் பன்னிரண்டு மணி. முதல் கடிதத்திலிருந்து ஆரம்பித்தேன்.